முந்நூறு ஓட்டு மூன்றான கதை

1

போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி ஏதோ சொல்ல, என்னையறியாமல் "ஹௌதா?" என்று கேட்டுவிட்டேன். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். சித்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னடி வேணும்? தண்ணியா?" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுவிட்டார். வரிசையே சிரித்தது.

எதிர் இலையிலிருந்து என் பள்ளித் தோழி வசந்தி, "பேச்சுதான் மாறிப்போச்சுன்னு பாத்தா, அங்க எலெக்‌ஷன்ல எல்லாம் நிக்கிறியாமே. ஜெயிச்சியா, தோத்தியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்றேன்.

"அது எப்படி?"

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு எழுதுகிறேன். பெங்களூர் என்ன வெளிநாடா, ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகள் தீபிகா, சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஊட்டா ஆச்சும்மா" என்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதப் படிக்க வராது. பஸ்ஸில் போர்டைப் பார்த்து, "ம்மா, அது 'ழ'வா 'மு'வா?" என்பாள். தூரத்தை நான் கிலோமீட்டரில் அளப்பதை விட்டு வெகுநாளாகிறது.

2

வைட்ஃபீல்டில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பத்து வருடமாக ஒரு தமிழ் மன்றத்தில் உறுப்பினர். பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை, ஆகையால் பெயர் வேண்டாம். ஒரு நூலகம், பொங்கல் விழா, வருடத்துக்கு இரண்டு பட்டிமன்றம், தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வெகுகாலத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஜீவனஹள்ளியில் ஒரு மாடியில் இருக்கும் இரண்டு அறைகள்தான் அதன் சொத்து.

மன்றத்துக்கு ஐந்து கிளைகள். ஜீவனஹள்ளி, ஆஸ்டின் டவுன், அல்சூர், மர்ஃபி டவுன் நான்கும் பழையவை. ஒவ்வொன்றிலும் ஐம்பது, அறுபது, மிஞ்சினால் எழுபது பேர். ஐந்தாவதாகப் பின்னால் சேர்ந்தது எங்கள் வைட்ஃபீல்ட். ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் சேரச் சேர நாங்கள் இருநூற்று எண்பது பேராகிவிட்டோம். மற்ற நான்கையும் கூட்டினாலும் எங்களைவிடக் கொஞ்சம் குறைவு.

தலைவரை உறுப்பினர்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கிளைக்கு மூன்று தேர்வாளர்கள், ஆக மொத்தம் பதினைந்து. ஒரு கிளையில் யாருக்கு அதிக ஓட்டு விழுகிறதோ, அந்தக் கிளையின் மூன்று தேர்வாளர்களும் அவருக்கே. இருநூற்று எண்பது பேருக்கும் மூன்று, ஐம்பத்தைந்து பேருக்கும் மூன்று. விதி எழுதிய காலத்தில் எல்லாக் கிளையும் ஒரே அளவாக இருந்திருக்கும். யாருக்கும் உறுத்தியிருக்காது.

சென்ற தேர்தலில் தலைவர் பதவிக்கு நான் நின்றேன். என்னை எதிர்த்து ஜீவனஹள்ளி மரியதாஸ். வீடுகளுக்கு வர்ணமடிக்கும் வேலையை எடுத்துச் செய்கிறவர், அறுபதைத் தொட்டவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர். என்னுடைய முதல் வாக்குறுதி, மன்றத்தின் அறைகளை மூடிவிட்டு வைட்ஃபீல்டில் குளிர்சாதன வசதியோடு நவீன அரங்கம் அமைப்பது. எங்கள் கிளையில் எல்லோரும் கைதட்டினார்கள். வேறு கிளைகளுக்குப் போய் நான் பேசவே இல்லை. போவானேன்? எண்ணிக்கை எங்கள் பக்கம் இருந்தது.

ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்து எண்ணினார்கள். எனக்கு முந்நூறு ஓட்டு. மரியதாஸுக்கு நூற்று எழுபத்திரண்டு. எழுந்து நின்று கும்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தேர்தல் அதிகாரி, "இப்ப தேர்வாளர்கள் முன்னால வாங்க" என்றார். எனக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். அவருக்குப் பன்னிரண்டு பேர். மாலை அவர் கழுத்துக்குப் போயிற்று.

தீபிகா என் காதருகே வந்து, "ம்மா, இது அமெரிக்காவோட எலெக்டோரல் காலேஜ் மாதிரியே இருக்கு. அங்கயும் ஜாஸ்தி ஓட்டு வாங்கினவங்க தோத்திருக்காங்க தெரியுமா?" என்றாள். அவளுக்குப் பாடத்தில் படித்தது கண்ணெதிரே நடந்த சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

3

என் கோபத்துக்கு வேறொரு பழைய காரணமும் உண்டு. என் அம்மா ஒரு தடவை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்றியத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அம்மாவும் இன்னும் ஐந்து கவுன்சிலர்களும் ஏறினார்கள். மலையில் ஏதோ ஒரு லாட்ஜ். வேளாவேளைக்குச் சாப்பாடு, வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. ஐந்தாம் நாள் அதே வேன் நேராக ஓட்டுப் போடும் இடத்தில் கொண்டுவந்து இறக்கியது.

வீட்டுக்கு வந்த அம்மா முகம் கழுவிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பா, "யாருக்குப் போட்ட?" என்று கேட்டார்.

"நாலு நாள் சோறு போட்டவனுக்குப் போட்டேன். வேற என்ன கேக்கறீங்க?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை.

ஆகவே நடுவில் ஒரு கூட்டத்தை வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்றாலே எனக்கு ஆகாது. நம் குடியரசுத் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தீபிகா வாதாடினாள். அங்கே மாநிலத்தின் மக்கள்தொகையைப் பார்த்து ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு வைத்திருக்கிறார்கள், இங்கே அதுகூட இல்லையே என்றேன்.

எங்கள் கிளையின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. தனியாகப் பிரிந்து வேறு மன்றம் தொடங்கலாம் என்றார்கள். பிரிவுக் கடிதம் தயாராகி, இருநூறு பேர் கையெழுத்தும் ஆயிற்று. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கவேண்டும் என்று மேலே இடம் விட்டுவைத்திருந்தார்கள். கடிதம் மூன்று நாள் என் கைப்பையில் இருந்தது. வகுப்பில் சமன்பாடு எழுதும்போதுகூட அது நினைவில் குத்தியது.

விதியைத் திருத்த வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பதினைந்து தேர்வாளர்களில் ஒன்பது பேர் சம்மதிக்கவேண்டும். அதாவது இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபமோ, அவர்களே அதை மாற்றச் சம்மதிக்கவேண்டும். கையில் இருப்பது மூன்று. இன்னும் ஆறுக்கு மரியதாஸிடம்தான் போகவேண்டும்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெட்ரோவில் பையப்பனஹள்ளி வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் ஜீவனஹள்ளி போனேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விழாவுக்கு அங்கே போயிருக்கிறேன். அன்றைக்குத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள், மாடி ஏறவில்லை.

படி குறுகல். மேலே ஒரு அறையில் சிறு பிள்ளைகள், இன்னொன்றில் பெண்கள். இருபது பேர் இருப்பார்கள். வீட்டு வேலை, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, கார்மென்ட்ஸ் என்று ஆறு நாளும் வேலை செய்துவிட்டு ஏழாவது நாள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள். படித்த கொஞ்ச நஞ்சம் கன்னடப் பள்ளியில் என்பதால் தமிழ் எழுத்து தெரியாது. ஒரு பெண் செய்தித்தாள் தலைப்பை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளோடு சேர்ந்து உதட்டை அசைத்தார்கள்.

மரியதாஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க டீச்சர். இன்னா இம்மா தூரம்? ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

செய்தித்தாள் படித்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள். பெயர் செலின் என்று பிறகு தெரிந்தது. "நீங்கதானே கோமதி டீச்சரு? ஓட்டுச் சீட்டுல உங்க பேரை நான்தான் மொதல்ல படிச்சேன். கோ... ம... தின்னு. யாரும் சொல்லித் தரல."

எனக்குப் பூரிப்பாக இருந்தது. "ரொம்ப சந்தோஷம்மா."

"அக்காங். படிச்சிட்டு, இவங்கதான் நம்ப ரூமுக்குப் பூட்டு போடறேன்றவங்கன்னு தெரிஞ்சு, கீழ இருந்த பேருக்குக் குத்தினேன்."

அறை முழுக்கச் சிரித்தது. அதில் பகை இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டீ வந்தது. விஷயத்தை நேராகவே ஆரம்பித்தேன். "அண்ணா, எனக்கு முந்நூறு பேர் ஓட்டுப் போட்டாங்க. அது மூணா ஆயிடுச்சு. வைட்ஃபீல்டுல ஒரு ஆளோட ஓட்டு, உங்க ஆளோட ஓட்டுல கால்வாசிகூட இல்ல. இது நியாயமா?"

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "நியாயமில்ல டீச்சர்" என்றார். "மாலை போட்டப்பவே எனக்கு பேஜாராத்தான் இருந்துச்சு. ஜெயிச்ச மாதிரியே இல்ல."

"அப்ப மாத்திடலாமே?"

"மாத்தலாம். தலைய எண்ணித்தான் தலைவருன்னா, உங்க ஏரியாவுல இன்னும் ரெண்டு அபார்ட்மென்ட் வந்தா போதும், எங்க நாலு கிளையும் என்னைக்கும் கம்மிதான். அப்புறம் எங்ககிட்ட யாரு வருவாங்க, யாரு கேப்பாங்க? உங்க ஓட்டு மூணாவறது நியாயமில்ல. இவங்க ரூமை, இவங்களை ஒரு வார்த்தை கேக்காம பூட்டறதும் நியாயமில்ல. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி சொல்லுங்க, எங்க பன்னெண்டு பேரும் கை தூக்கறோம்."

நான் கொண்டுபோனது பாதிக் கணக்கு என்று அந்த இரண்டாவது அறையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. எண்ணிக்கை எங்கள் பக்கம் என்ற தைரியத்தில்தான் அந்த மாடிப்படியை நான் ஒருமுறையும் ஏறவில்லை. கிளைகள் தங்கள் பக்கம் என்ற தைரியத்தில் அவரும் வைட்ஃபீல்ட் பக்கம் வந்ததில்லை. எங்கள் இருவருக்கும் அடுத்தவர் தேவைப்படாதபடி அந்த விதி பார்த்துக்கொண்டது.

திரும்பும் வழியில் மெட்ரோவில் நின்றுகொண்டே பிரிவுக் கடிதத்தைக் கிழித்துக் கைப்பைக்குள்ளேயே போட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

5

அடுத்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி உட்கார்ந்து பேசினோம். கடைசியில் வந்தது மூன்றே விஷயம். தலைவரை எல்லா உறுப்பினரும் நேராகத் தேர்ந்தெடுப்பது, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. செயற்குழுவில் மட்டும், பெரியதோ சின்னதோ, கிளைக்கு ஒரு இடம். ஒரு கிளையின் அறையையோ வகுப்பையோ மாற்றவேண்டுமானால் அந்தக் கிளையின் கூட்டம் ஒத்துக்கொண்டால்தான் முடியும்.

எங்கள் கிளையில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். "நீங்க நமக்காகப் பேசப் போனீங்களா, அவங்களுக்காகவா?" என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார். ஏழாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் ஐந்திலேயே இறங்கிவிட்டார்.

திருத்தம் ஓட்டெடுப்புக்கு வந்த அன்று மரியதாஸ் சொன்னபடி பன்னிரண்டு கையும் உயர்ந்தது. எங்கள் மூன்றும் சேர்ந்து பதினைந்துக்குப் பதினைந்து. கைதட்டல் அடங்கியதும் அவர் எழுந்து, "பழைய சட்டத்துல ஜெயிச்சவன் புதுச் சட்டத்துல நாற்காலியில உக்காந்தா நல்லா இருக்காது. நான் விலகிக்கறேன். மறுபடி எலெக்‌ஷன் வைங்க, நிக்கறேன்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. ஹாலில் இருந்த யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

திருத்தத்தைப் பதிவு செய்ய அலுவலகம் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேசுகிற கன்னடம்தான் என்னுடையது. மனுவைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதி வாங்கிக்கொண்டு போனேன். நகல் ஒன்று குறைகிறது என்றார்கள், எடுத்து வந்தேன். மூன்றாவது தடவை எழுத்தர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "பரவாகி எஷ்டு மத?" என்று கேட்டார்.

எத்தனை மதம் என்று கேட்கிறார்! எதற்காகக் கேட்கிறாரோ என்று பயந்துபோய், "நம்மல்லி எல்லா மததவரூ இதாரெ சார். ஹிந்து, கிறிஸ்தவரு, முஸ்லிம் எல்லா" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஓட்டு மேடம், ஓட்டு! சாதகமா எத்தனை ஓட்டு?" என்று தமிழிலேயே கேட்டார். கன்னடத்தில் ஓட்டுக்கும் மத என்றுதான் பெயர். இருபத்து மூன்று வருடம் அந்த ஊரில் ஓட்டுப் போட்டிருக்கிறேன், சுவரெல்லாம் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

"பதினைந்து சார். எதிரா ஒண்ணும் இல்ல."

"எதிரா ஒண்ணும் இல்லையா? ஒரு சங்கத்துலயா?" என்று ஆச்சரியப்பட்டபடி முத்திரை குத்தினார். வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தேன்.

6

இரண்டாவது தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. இப்போது எனக்கு ஆஸ்டின் டவுனின் ஒவ்வொரு ஓட்டும் வேண்டியிருந்தது, போனேன். மரியதாஸுக்கு வைட்ஃபீல்டின் ஒவ்வொரு ஓட்டும் வேண்டியிருந்தது, அவரும் வந்தார். முதல் நாள் எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அவரை வர்ண வேலைக்கு வந்தவர் என்று நினைத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டார். "தப்பில்லையே, அதுதானே நம்ப வேலை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் மக்களிடம் அவர் அரங்கத்தைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "உங்க புள்ளைங்க தமிழ் படிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். என் வீட்டைப்போலவே எல்லோர் வீட்டிலும் ஒரு தீபிகா இருக்கிறாள். "எங்க செலின் வூட்டு வேலை செஞ்சிகினே ஒரு வருஷத்துல பேப்பர் படிக்குது. உங்க புள்ளைங்களுக்கு ஆறு மாசம் போதும். எங்க டீச்சருங்களை இட்டுகினு நானே வரேன். ஒரு ரூம் மட்டும் குடுங்க." அடுத்த மூன்று ஞாயிறும் வந்து வீடு வீடாக மணியடித்தார்.

அதே ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூட ஹால். எண்ணி முடித்தபோது எனக்கு இருநூற்றுப் பதினெட்டு, அவருக்கு இருநூற்று முப்பத்தேழு. போன தடவை வைட்ஃபீல்டில் அவருக்கு விழுந்தது பதினான்கு. இந்தத் தடவை எழுபத்திரண்டு.

தோற்றவளுக்கு வருத்தம் இல்லாமல் இருக்குமா? பத்தொன்பது ஓட்டு என்றதும் எந்தப் பத்துப் பேர் கை மாறியிருப்பார்கள் என்று மனது முகங்களை எண்ணத் தொடங்கிற்று. ஆனால் முன்னைப்போல அழுகை வரவில்லை. என் இருநூற்றுப் பதினெட்டும் இருநூற்றுப் பதினெட்டாகவே பலகையில் இருந்தது. அவருடையது என்னுடையதைவிட அதிகம், அவ்வளவுதான். பரீட்சைத் தாளை மறுகூட்டலுக்குக் கொடுத்து, குறைந்த மதிப்பெண்தான் சரியான மதிப்பெண் என்று தெரிந்துகொண்ட மாணவியின் நிம்மதி. பிரிந்து போகாமல் ஒரே ஹாலில் ஐந்து கிளையும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய நிம்மதி.

மாலையை மரியதாஸ் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, "டீச்சர், செயலாளரா நீங்க இருந்தாத்தான் நான் இருப்பேன்" என்றார். சரி என்றேன். வைட்ஃபீல்ட் வகுப்புக்கு நான் போகிற பள்ளியிலேயே ஒரு அறை கேட்டு வாங்கியிருக்கிறேன். போன வாரம் முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பதினெட்டு வயது நிரம்பி தீபிகா உறுப்பினரான பிறகு அவள் போட்ட முதல் ஓட்டு அது. விரலில் மை வைக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரு சந்தேகத்தில் கேட்டேன்.

"நீ எனக்குத்தானே போட்ட?"

"இல்லம்மா. அங்கிளுக்குப் போட்டேன்."

"ஏண்டி?"

"அவரு வீட்டுக்கு வந்தப்ப எங்கிட்டயும் தனியா கேட்டாரு. 'உன் ஓட்டு யாருக்கும்மா, எனக்குப் போடுவியா'ன்னு. அந்த கிளாஸுக்கு நானும் வரேன்னு சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ எங்கிட்ட கேக்கவே இல்லயேம்மா."

பெட்டியில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அடுத்த தடவ கேளு. யோசிக்கறேன்."